சாணைக்கல்

ஆலைச் சுவரில் ஓர் ஆணி.
ஆணியில் ஒரு கோடரி.
விறகுக்கு அல்ல.

மூன்று உருளைகள் நிமிர்ந்து நின்று சுழலும்,
கோவேறு கழுதைகள் வட்டமடிக்க.
கரும்பு வெட்டும் மாதங்களில்
சாந்தொமிங்கில் இரவு என்று ஒன்று கிடையாது.
கரும்பை ஊட்டுகிறவள் ஒரு கணம் கண்ணயர்ந்தால்
முதலில் விரல் போகும்.
பிறகு உருளை, அவசரமே இல்லாமல்,
மிச்சத்தைக் கேட்கும்.
கழுதைகளை நிறுத்த நேரமிராது.
அப்போது கையை நிறுத்துவதற்கென்று
ஒருவன் நின்றிருப்பான்.
அசோர்.

என் பெயர் தீஸ்பே.
ஏதோ நாடகத்தில் வருகிற பெயராம்,
எஜமானி சிரித்துக்கொண்டே வைத்தது.
அம்மா வைத்தது வேறு.
அதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

மார்ச் மாதம், விடியச் சற்று முன்.
வலக்கை, முழங்கைக்கு மேலே.
ஒரே வெட்டு.
கணக்குப் புத்தகத்தில்
இரண்டாயிரம் லிவ்ரை அடித்துவிட்டு
அறுநூறு என்று எழுதினார்கள், பக்கத்தில்
'வாசல் காவலுக்கு ஆகும்.'
கை என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.
அன்றைய சாற்றைக் கொட்டவும் இல்லை.
நான்த் நகரில் எவர் கோப்பையில்
அது கரைந்ததோ.

வாசலில் உட்கார்ந்து
மூன்று வருஷம் பார்த்தேன்.
அந்தி சாய்ந்ததும் அசோர்
கோடரியை மடியில் கிடத்தி
சாணைக்கல்லை நனைத்துத் தீட்டுவான்.
முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பான்,
மறுபடி தீட்டுவான்.
அவனோடு ஒரே சட்டியில் யாரும் கை வைப்பதில்லை.
அழுகிற பிள்ளைகளை அடக்க
அவன் பெயர் போதும்.
நானும் பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி சங்கு ஊதிற்று.
எங்களை வேலைக்கு விரட்டும் அதே சங்குதான்,
நேரம் மட்டும் தப்பி.
மேற்கே அடுத்த தோட்டம் எரிந்தது,
அதற்கடுத்ததும்.
கரும்பு எரியும்போது
துப்பாக்கி வெடிப்பதுபோல் கணு கணுவாக வெடிக்கும்.
அதற்குப் பயந்து ஓடினார்கள்
துப்பாக்கி வைத்திருந்தவர்கள்.

எங்கள் ஆட்கள் முதலில் இழுத்து வந்தது
அசோரை.
லாஃப்ளேர் கத்தினான்:
"எத்தனை கை வெட்டினாய், சொல்!"
"பதினொன்று" என்றான்.
கேட்காமலே பெயர்களைச் சொன்னான், வரிசையாக.
கணக்குப் புத்தகத்துப் பெயர்கள் அல்ல.
ஒன்பதாவதாக என்னுடையது,
அம்மா வைத்தது.
"வெட்டும்போது நீ கத்தினாய்" என்றான்
என்னைப் பார்க்காமல்.

கூட்டம் என் வாயைப் பார்த்தது.
நான் சொன்னது இவ்வளவுதான்:
"மழுங்கியிருந்தால் இரண்டு வெட்டு ஆகியிருக்கும்."
மன்னிப்பா அது?
தெரியாது. கணக்குத்தான்.
விட்டுவிட்டார்கள்.

கோடரியை லாஃப்ளேர் எடுத்துப் போனான்.
பெரிய வீட்டின் கதவுக்கு என்கிறார்கள்,
கதவோடு நிற்கவில்லை என்றும் சொல்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
ஒற்றைக் கையால்
கழுதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
அவிழ்த்த பிறகும் அவை
வெகுநேரம் வட்டமாகவே நடந்தன,
நெருப்பு வெளிச்சத்தில், காலி ஆலையைச் சுற்றி.

பிறகு வந்ததெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான்.
போர், காய்ச்சல், இன்னொரு போர்,
மேளம் கொட்டிப் படித்த காகிதம்:
இனி எவரும் எவருக்கும் சொத்து இல்லை.
அன்று அசோர் அழுதான்.
அடுத்த மழைக்குச் செத்துப்போனான்.
அவனிடம் இருந்தது ஒரு கல்.
என்னிடம் கொடுத்தார்கள்,
வேறு யாரும் தொட மாட்டேன் என்றதால்.

போன வாரம் அதிகாரி வந்தார்.
எங்கள் நிறம், தோளில் பொன் சரிகை.
வெடிமருந்து வாங்கச் சர்க்கரை வேண்டும்,
சர்க்கரைக்கு ஆலை வேண்டும்,
தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குச் சவுக்கு இல்லை,
சிறை மட்டும் என்றார்.
உருளைகளைத் தட்டிப் பார்த்தார்.
சுவரைத் தடவினார்.
"இங்கே ஓர் ஆணி இருந்திருக்குமே?"

அதைப் பிடுங்க எனக்கு
ஒரு பகல் முழுக்க ஆயிற்று.
அவரிடம் சொல்லவில்லை.
தச்சனிடம் புது ஆணி கேட்டார்.

இன்று அந்தியில் கல்லை நனைத்தேன்,
இரு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கி.
வீட்டில் இருப்பது
ஒரு களைக்கத்திதான்.